செருப்புக்காகக் காலை வெட்டலாமா?

எங்கள் நண்பர் வட்டத்தில் ஒருவர், தஞ்சைப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் வங்கிப் பணியில் இருப்பவர், தமது நாற்பத்தைந்தாம் வயதில் மறுபடியும் சைக்கிள் ஓட்டுவதென்று தீர்மானித்தார். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பதாக மருத்துவர் சொன்னது ஒரு காரணம். கல்லூரிக் காலத்தில் மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போன நினைவு இன்னொரு காரணம். மாவட்டத் தலைநகரின் பெரிய கடை ஒன்றுக்குப் போய், தடித்த டயரும், முன்னும் பின்னும் ஸ்பிரிங்கும், இருபத்தொரு கியரும் கொண்ட 'மலை சைக்கிள்' ஒன்றை வாங்கி வந்தார். இருந்தவற்றுள் விலை கூடியது அதுதான். ஆகவே தரமானதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நம்பினார். மூன்றே மாதத்தில் முழங்கால் வலி வந்தது. எலும்பு மருத்துவர் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். வண்டி மாடிப்படிக்கு அடியில் போயிற்று. "இந்த வயதில் இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று நண்பரே தமக்குத் தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

சென்ற ஆண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த வண்டியை வெளியே இழுத்து அவரை அதன்மேல் உட்காரச் சொன்னோம். பார்த்தவுடன் விஷயம் விளங்கிவிட்டது. இருக்கையில் அமர்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் முழுதாக ஊன்றிக்கொண்டிருந்தார். அப்படி ஊன்ற முடிவதுதான் சரியான அளவு என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். மிதிக்கும்போது அவரது முழங்கால் ஏறக்குறைய மார்பை நோக்கி வந்தது. நாளொன்றுக்குப் பத்து கிலோமீட்டர், ஒவ்வொரு மிதியிலும் மடங்கிய முழங்காலால் உடலையும் வண்டியையும் தள்ளியிருக்கிறார். வலி வராமலிருந்தால்தான் வியப்பு.

இதை எழுதத் தூண்டியது அந்த மாடிப்படி சைக்கிள்தான். நடுவயதில் சைக்கிளுக்குத் திரும்பிச் சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் வண்டியைக் குறைசொல்லவில்லை. வயதையும் உடலையும் சோம்பலையும்தான் நொந்துகொண்டார்கள். தமக்குப் பொருந்தாத பொருளை விலை கொடுத்து வாங்கிவிட்டு, பொருந்தாதது தாம்தான் என்று மனிதர்கள் நம்பத் தொடங்குவது எங்களுக்குக் கவலை தருகிறது. செருப்பு கடிக்கிறதென்றால் செருப்பை மாற்றுவோம். சைக்கிள் விஷயத்தில் மட்டும் காலை வெட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

*

நம் தந்தையர் அளவெடுத்தா சைக்கிள் வாங்கினார்கள் என்று கேட்கலாம். எடுத்தார்கள். பழைய கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே "இருபத்திரண்டா, இருபத்திநாலா?" என்பதுதான். அது சட்டத்தின் உயரம், அங்குலத்தில். நெட்டையானவருக்கு இருபத்திநாலு, மற்றவருக்கு இருபத்திரண்டு. இரண்டே அளவுதான் என்றாலும், வாங்குபவரின் காலை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வியாபாரம் தொடங்கியது. மேலும், அந்தத் தலைமுறை இருக்கையில் அமர்ந்துகொண்டு கிளம்பவில்லை. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் இரண்டு தத்துத் தத்தி, ஓடும் வண்டியில் காலைத் தூக்கிப்போட்டு ஏறினார்கள். நிறுத்தும்போது இருக்கையை விட்டு முன்னால் இறங்கினார்கள். ஆகவே இருக்கை உயரமாக இருப்பது அவர்களுக்கு ஒரு தொல்லையாகத் தோன்றவில்லை.

அந்தக் கறுப்பு வண்டியும் தற்செயலாக அப்படி அமைந்ததன்று. 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' சைக்கிளும், 1888இல் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரும் சேர்ந்து இன்றைய மிதிவண்டியின் அடிப்படை உருவத்தைத் தந்தன. அந்த மரபில் வந்த ஆங்கிலேய 'ரோட்ஸ்டர்', 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டியாக நம் ஊர்களுக்குள் புகுந்தது. லூதியானாவிலிருந்து ஹீரோவும் சோனிபட்டிலிருந்து அட்லஸும் பின்னர் வந்தன. பெரிய சக்கரம் குழிகளை எளிதாகக் கடக்கும். சாய்வான முன்கவையும் நீண்ட அடித்தளமும் கைக்கு வரும் அதிர்ச்சியைக் குறைக்கும். முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பாரம் தாங்கும் பின் சக்கரத்துக்கு 40. செயினை மூடிய தகடு வேட்டியைக் காத்தது. இருபது கிலோ எடையை ஒட்டிய அந்த வண்டி நெல்மூட்டையையும் பால் கேனையும் முன்பாரில் பிள்ளையையும் சுமந்துகொண்டு, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் மண்சாலையில் போவதற்கென்றே பொருத்தமாக இருந்தது. அதை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டவோ கொல்லிமலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றவோ எவரும் நினைக்கவில்லை.

அந்தப் பொருத்தம்தான் தரம் என்பது எங்கள் கருத்து. விலைப்பட்டியலின் மேற்பகுதியில் இருப்பதோ, அதிகப்படியான கியரோ, பளபளக்கும் வண்ணமோ தரத்துக்குச் சான்றாகாது. இன்றைய கடைகளில் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பது. இரண்டாவது கேள்வி நிறத்தைப் பற்றியது. எங்கே ஓட்டப்போகிறீர்கள், எவ்வளவு தூரம், எதைச் சுமப்பீர்கள், பழுதானால் யாரிடம் போவீர்கள் என்ற நான்கு கேள்விகளைக் கேட்ட கடையை நாங்கள் அரிதாகவே கண்டிருக்கிறோம். எனவே அவற்றை வாங்குபவரே தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

எங்கே ஓட்டப்போகிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். நம் நண்பர் வாங்கிய இரட்டை ஸ்பிரிங் வண்டியின் பிறப்பிடம் பாறையும் வேரும் நிறைந்த மலைச்சரிவு. அங்கே உண்மையாகவே பயன்படும் அதிர்வுதாங்கிகள் நுட்பமானவை. அவற்றின் விலையே நம்மூரில் ஒரு முழு வண்டியின் விலையைத் தாண்டும். மலிவு வண்டியில் இருப்பது அவற்றின் தோற்றம் மட்டுமே. உள்ளே ஒரு சுருள்கம்பி இருக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடும். நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியிலும் ஒரு பகுதி அந்தச் சுருளை அமுக்குவதிலேயே போய்விடும். கும்பகோணத்திலிருந்து பாபநாசம் போகும் சமதளச் சாலையில் இதனால் ஒரு பயனும் இல்லை. குண்டும் குழியுமான சாலைக்கு மிக எளிய மருந்து கொஞ்சம் அகலமான டயரும் அதில் கொஞ்சம் குறைந்த காற்றும்தான். டயர் ஒல்லியாக இருந்து, காற்று இறுக்கமாக இருந்தால்தான் வேகம் என்று இருபதாண்டுகளுக்கு முன்வரை பந்தயக்காரர்களே நம்பினார்கள். அந்த நம்பிக்கை இப்போது தளர்ந்துவிட்டது. 23 மில்லிமீட்டர் டயரில் ஓட்டிய தொழில்முறைப் பந்தய வீரர்கள் இன்று 28க்கும் அதற்கு மேலும் போயிருக்கிறார்கள். அவர்களுக்கே அப்படியென்றால், நம் சாலைக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் டயர் அதிகமே அன்று.

எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பது அடுத்தது. குனிந்து ஓட்டும் வளைகொம்புப் பந்தய சைக்கிளின் நியாயம் காற்று எதிர்ப்பில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைப் பிளக்கத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு அந்தக் குனிவு பெரும் உதவி. அவருக்கு அந்த வண்டி ஆடம்பரம் ஆகாது, தேவைதான். ஆனால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் காய்கறி வாங்கப் போகிறவருக்கு அதே குனிவு கழுத்துவலியை மட்டுமே தரும். அவருக்கு ஹேண்டில்பார் இருக்கையின் உயரத்துக்காவது வரவேண்டும். சற்று மேலே இருந்தாலும் நல்லது. பந்தயத்தை முன்மாதிரியாகக் கொண்டதால் சாதாரண மனிதர்களின் சைக்கிள் கெட்டுப்போயிற்று என்று அமெரிக்க சைக்கிள் வடிவமைப்பாளர் கிராண்ட் பீட்டர்சன் 2012இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நம் நாட்டுக்கு அது இன்னும் பொருந்தும்; இங்கே பந்தயத்தோடு மலையேற்றத்தின் வேடமும் சேர்ந்துகொண்டது.

கியரைப் பற்றியும் ஒரு கணக்கு. முன்பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18 பற்கள், 28 அங்குலச் சக்கரம் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்துக்கு இது போதும். கியர் என்ற ஒன்றே இல்லாமல் டெல்டா மாவட்டத்தில் வாழ்நாள் முழுவதும் ஓட்டலாம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுவதென்றால் ஏறத்தாழ 1900 மீட்டர் உயர வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய சமமான பற்கள் கிடைக்கும் கியர் வேண்டும். அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான் நகர்வோம், ஆனால் இறங்கித் தள்ள நேராது. ஆகவே கியர் எத்தனை என்று எண்ணுவதில் பொருளில்லை. நம் ஊரின் மிகக் கடுமையான ஏற்றத்துக்கு ஏற்ற கியர் அதில் இருக்கிறதா என்பதே கேட்கத்தக்கது. சமவெளியில் வாழ்பவருக்குப் பின்னால் மட்டும் ஏழெட்டுக் கியர் இருந்தால் தாராளம்.

எதைச் சுமப்போம் என்பதைப் புதிய வண்டிகள் அறவே மறந்துவிட்டன. கேரியரும் மட்கார்டும் ஸ்டாண்டும் இல்லாத வண்டியைக் கடையில் அழகாக நிறுத்தியிருப்பார்கள். முதல் மழையிலேயே முதுகில் சேற்றுக்கோடு விழும். வாங்கும்போதே சட்டத்தில் கேரியரும் மட்கார்டும் முடுக்குவதற்கான துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிடுவது நல்லது. அவை இல்லாத வண்டியில் பின்னால் எதையும் ஒழுங்காகப் பொருத்த முடியாது.

இந்த இடத்தில் புதுக்கோட்டையை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக அம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பதிவு செய்திருக்கிறார். அப்போது பெண்களுக்கான சைக்கிள்களுக்குத் தட்டுப்பாடு. ஆகவே ஆண்களின் சைக்கிளை ஓட்டினார்கள். ஓட்டிப் பார்த்தபின் அதையே விரும்பியவர்களும் உண்டு. காரணம், குறுக்கே போகும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். வண்டியைத் தேர்வு செய்வது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எங்களுக்குக் கிடைக்கவில்லை. 'லேடீஸ்', 'ஜென்ட்ஸ்' என்ற பெயர்ப்பலகையை அவர்கள் பார்க்கவில்லை. தம் நாளில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்: குழந்தை, குடம், வயல், தூரம்.

கடைசிக் கேள்வி, பழுது. எஃகு, அலுமினியம், கார்பன் என மூன்று வகைச் சட்டங்கள் இன்று கிடைக்கின்றன. கார்பன் மிக இலேசானது. அடிபட்டால் நம்மூர்ப் பட்டறையில் எவரும் தொட மாட்டார். அலுமினியம் துருப்பிடிக்காது, எடையும் குறைவு; ஆனால் பல்லாண்டு அதிர்வில் களைத்து விரியும் இயல்புடையது, விரிந்ததை ஒட்டுவதும் எளிதன்று. எஃகு கனமானது, துருவும் பிடிக்கும். ஆனால் வளைந்தால் நிமிர்த்தலாம், விரிந்தால் தெருமுனைப் பட்டறையிலேயே பற்றவைக்கலாம். எஃகிலும் குரோமோலி என்னும் கலப்பு எஃகு சாதாரண எஃகைவிட உறுதியானது என்பதால் குழாய்களை மெல்லியதாகச் செய்ய முடிகிறது, எடையும் குறைகிறது. பிரேக்கிலும் இப்படித்தான். எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக் மழையிலும் மலையிறக்கத்திலும் ஈடிணையற்றது. நகரத்தில் நல்ல பட்டறை அருகிருந்தால் அதையே வாங்கலாம். இல்லாவிட்டால், இரு கட்டைகள் ரிம்மை இரு பக்கமும் கவ்வும் எளிய பிரேக் போதும். கட்டை தேய்ந்தால் புதிதாக மாட்ட ஒரு ஸ்பானர் போதும். டயர் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. '28' என்று எழுதிய பழைய வண்டியின் ரிம் அளவு 635 மில்லிமீட்டர். '700சி' என்றும் '29' என்றும் எழுதியவை இரண்டும் 622. எண்ணில் பெரியது சக்கரத்தில் சிறியது. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் எண்ணை மட்டுமே நம்ப வேண்டும். அந்த அளவு டயரும் ட்யூபும் நம் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்தபின் பணத்தை எண்ணுவது புத்திசாலித்தனம்.

*

இவையெல்லாம் அமைந்தாலும், அளவு பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். அளவெடுக்க வேண்டியவர் நாமேதான். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, இரு கால்களுக்கிடையில் ஒரு தடித்த புத்தகத்தை (இலக்கிய வாசகர் வீட்டில் இதற்குப் பஞ்சமில்லை) இருக்கையில் அமர்வதுபோல் மேலே இறுக வைத்து, அதன் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் அச்சு சுழலும் நடுப்புள்ளியிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்டால் பரவலான கணக்கு இது. நுட்பமான திருத்தம் பின்னர் அவரவர் உடலைப் பொறுத்தது. கணக்கு பிடிக்காதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்து, மிகக் கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைக்கட்டும். கால் நேராக நீண்டால் உயரம் சரி. மிதிக்கும்போது முன்பாதத்தைத்தான் வைப்போம். அப்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். நிற்கும்போது இருக்கையில் இருந்தபடி கால் ஊன்ற முடியாதே என்றால், முடியத் தேவையில்லை. இருக்கையை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்வது ஒரு வார வேலை.

நண்பருக்கு அளந்தோம். 82 சென்டிமீட்டர். கணக்குப்படி இருக்கை 72 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இருந்தது 63. கம்பியில் பொறித்த எல்லைக்கோடு வரை உயர்த்தியும் மூன்று சென்டிமீட்டர் குறைந்தது. சட்டமே அவருக்குச் சிறியது. கடையில் அந்த ஓர் அளவுதான் இருந்திருக்கிறது. ஆகவே அந்த அளவைத்தான் அவருக்குப் பொருத்தமானது என்று சொல்லியிருக்கிறார்கள்.

முழங்கால் வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. மருத்துவர் சொன்னதைப் புறந்தள்ளச் சொல்வது எங்கள் நோக்கமன்று. ஆனால் தாழ்ந்த இருக்கை முழங்காலின் முன்பகுதியை வருத்தும் என்பது சைக்கிள் உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. நண்பர் இந்த விவரத்தோடு மறுபடி மருத்துவரிடம் போனார். சில வாரங்கள் ஓய்வெடுத்து, சரியான உயரத்தில் சிறிது சிறிதாகத் தொடங்கலாம் என்று அவர் அனுமதித்தார்.

அயர்லாந்து எழுத்தாளர் ஃப்ளான் ஓ பிரையனின் 'மூன்றாவது போலீஸ்காரன்' நாவலில், நெடுநாள் சைக்கிள் ஓட்டுபவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சைக்கிளாகவும், சைக்கிள்கள் கொஞ்சம் கொஞ்சமாக மனிதர்களாகவும் மாறிக்கொண்டிருப்பார்கள். எழுதி ஏறக்குறைய கால்நூற்றாண்டுக்குப் பிறகு, ஆசிரியர் இறந்தபின் 1967இல் வெளிவந்த அந்த நாவலைப் படித்துச் சிரித்திருக்கிறோம். பல ஆண்டு ஓட்டிய வண்டியின் இருக்கை நம் உடம்பின் வடிவத்தை வாங்கிக்கொள்வதைப் பார்த்தபின் அது வெறும் நகைச்சுவையாகத் தோன்றவில்லை. உடம்போடு அத்தனை நெருக்கமாக உறவாடப்போகும் ஒரு பொருளை நிறம் பார்த்து வாங்கலாகாது.

நண்பர் பழைய வண்டியைத் தம்மைவிட உயரம் குறைந்த சகோதரி மகனுக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வாங்கியது ஸ்பிரிங் எதுவுமில்லாத, எஃகுச் சட்டம் கொண்ட, 38 மில்லிமீட்டர் டயரும் பின்னால் ஏழு கியரும் உடைய எளிய வண்டி. கேரியரும் மட்கார்டும் போட்டிருக்கிறார். விலை முதல் வண்டியைவிடக் குறைவு. கடையில் மூன்று அளவுகளை வரவழைக்கச் சொல்லி, மூன்றிலும் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தபின்தான் வாங்கினார். கடைக்காரர் சலித்துக்கொண்டாராம். சலித்துக்கொள்ளட்டும்.

இப்போது காலையில் ஆற்றங்கரை வழியாக எட்டு கிலோமீட்டர் ஓட்டி வங்கிக்குப் போகிறார். அவ்வூரில் மிச்சமிருக்கும் ஒரே பழைய சைக்கிள் பட்டறையில் ஆண்டுக்கு ஒருமுறை 'ஓவராயில்' செய்து, கோட்டம் எடுத்து, பால்ரஸுக்குக் கிரீஸ் வைத்துக்கொள்கிறார். வாசகர்களில் எவர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலாவது ஒரு சைக்கிள் கிடக்குமானால், அதை விற்பதற்கு முன் ஒருமுறை வெளியே எடுத்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். குறை வண்டியிலா காலிலா என்பது அந்த நிமிடத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.